இ.பி.110 புகாட்டிதானா?

பழஞ்சக்கரம்

புகாட்டியின் வெய்ரான் காரைப் பற்றிய இழையில் நேற்று ஒருவர் போகிற போக்கில், "எட்டோரே புகாட்டியோடு புகாட்டியும் முடிந்தது, அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பெயர்ப்பலகை வியாபாரம்" என்று எழுதிவிட்டுப் போனார். அங்கேயே மல்லுக்கு நின்றால் இழை தடம்புரளும். அதனால் இதைத் தனியாகத் திறக்கிறேன்.

என் தரப்பு இதுதான். வெய்ரானை ஏற்றுக்கொள்கிறவர்கள்கூட இ.பி.110 என்ற காரைக் கண்டும் காணாமல் தாண்டிப் போகிறார்கள். 1909-இல் தொடக்கம், பிறகு நீண்ட உறக்கம், 2005-இல் வெய்ரானோடு விழிப்பு என்று கதை சொல்கிறார்கள். நடுவில் இத்தாலியில் ஒரு தொழிற்சாலை எழும்பி, ஒரு கார் பிறந்து, எல்லாம் கடனில் மூழ்கிய அந்தச் சில ஆண்டுகள் கதையில் வருவதே இல்லை. குடும்பப் புகைப்படத்திலிருந்து ஒருவரை மட்டும் கத்தரித்தது போல இருக்கிறது.

"பிரெஞ்சுக் காரை இத்தாலியில் செய்தால் அது எப்படிப் புகாட்டி?" என்பார்கள். நிறுவனர் எட்டோரே மிலானில் பிறந்தவர். 1909-இல் அவர் அல்சாஸ் பகுதியிலுள்ள மோல்சைமில் தொழில் தொடங்கியபோது அந்தப் பகுதி ஜெர்மனியின் வசம் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்த பிறகுதான் அந்த ஊர் பிரான்சுக்கு வந்தது. இத்தாலியர் ஒருவர் ஜெர்மன் மண்ணில் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்துக்குப் பூர்வீகச் சான்றிதழ் கேட்பதே வேடிக்கை.

இரும்புத்தூசி

அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம்.

நாட்டைப் பற்றி நான் பேசவில்லை, ஆளைப் பற்றிப் பேசினேன். 1924-இல் லியோன் கிராண்ட் பிரீயில் டைப் 35 என்ற பந்தயக் கார் வந்ததே, அதன் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கம்பிச் சக்கரம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், எட்டுத் தட்டையான ஆரங்களோடு அலுமினியக் கலவையில் வார்த்த சக்கரம். பிரேக் டிரம்மும் அதோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடும், பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று அந்த நிமிடமே பார்த்துவிடலாம். இது ஒரு மனிதனின் கண்ணும் கையும் சேர்ந்து செய்தது. அந்தக் கார் 1925 முதல் 1929 வரை தொடர்ந்து ஐந்து முறை டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை வென்றது சும்மா இல்லை.

அந்தக் கைக்கு வாரிசாக வளர்ந்தவர் மகன் ழான். 1939 ஆகஸ்ட் 11 அன்று, அந்த ஆண்டு லெ மான் பந்தயத்தை வென்ற காரை மோல்சைமுக்கு அருகே ஓட்டிச் சோதிக்கும்போது, சைக்கிளில் வந்த ஒருவரைத் தவிர்க்கப் போய் மரத்தில் மோதி இறந்தார். வயது 30. அடுத்த மாதமே போர். 1947-இல் எட்டோரேயும் போய்விட்டார். 1956-இல் டைப் 251 என்று ஒரு ஃபார்முலா 1 காரை ரீம்ஸ் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள், 18 சுற்றுகளில் ஓய்ந்தது. 1963-இல் புகாட்டி நிறுவனத்தை ஹிஸ்பானோ-சுய்சா விழுங்கியது.

அதற்குப் பிறகு 1987-இல் ஃபெராரி கார்களை விற்றுக்கொண்டிருந்த ஒரு வியாபாரி பெயரை வாங்குகிறார். அதைப் பெயர்ப்பலகை வியாபாரம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

பழஞ்சக்கரம்

பெயர் உறங்கியது என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். கார் நின்ற பிறகும் மோல்சைமில் அந்தப் பெயர் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மெஸ்ஸியே-புகாட்டி என்ற பெயரில் விமானங்களுக்குச் சக்கரமும் பிரேக்கும் செய்தார்கள். மற்றவர்கள் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறிய பிறகும் 1938 வரை கேபிள் பிரேக்கே போதும் என்று அடம்பிடித்த மனிதரின் பெயர், கடைசியில் விமானப் பிரேக்கில் போய் உட்கார்ந்தது. விதியின் குறும்பு!

புதுமுகம்

ஐயா, இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இ.பி.110 என்றால் என்ன? 110 என்பது குதிரைத்திறனாக இருக்க முடியாது அல்லவா?

பழஞ்சக்கரம்

நல்ல கேள்வி. இ.பி. என்பது எட்டோரே புகாட்டியின் முதலெழுத்துகள். அவர் பிறந்தது 1881 செப்டம்பர் 15. சரியாக 110 ஆண்டுகள் கழித்து, 1991 செப்டம்பர் 15 அன்று பாரிஸில் காரைத் திரைவிலக்கினார்கள். 1987-இல் பெயரை வாங்கிய அந்த வியாபாரி, ரொமானோ அர்த்தியோலி, நாள் நட்சத்திரம் பார்க்கிற ஆள். மோதெனாவுக்குப் பக்கத்தில் காம்போகல்லியானோவில் அவர் கட்டிய தொழிற்சாலையைத் திறந்ததும் அதற்கு முந்தைய ஆண்டின் செப்டம்பர் 15 அன்றுதான்.

நெம்புகோல்

உணர்ச்சிகளை ஓரமாக வைத்துவிட்டு, காரின் மூடியைத் திறந்து பார்ப்போம்.

இ.பி.110: 3.5 லிட்டர், 12 சிலிண்டர், சிலிண்டருக்கு 5 வால்வு வீதம் 60 வால்வுகள், நான்கு டர்போ, நான்கு சக்கர உந்துவிசை, ஆறு கியர். ஜி.டி. வகையில் ஏறத்தாழ 560 குதிரைத்திறன், எஸ்.எஸ். வகையில் 610. கார்பன் இழைச் சட்டகத்தைச் செய்து கொடுத்தது பிரான்சின் விமான நிறுவனம் ஏரோஸ்பாசியால். சாலையில் ஓடும் கார்களில் அப்படிப்பட்ட சட்டகம் அபூர்வமாக இருந்த காலம் அது.

எதற்கு நான்கு டர்போ என்று கேட்பவர்களுக்கு: டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. பெரிய டர்போவின் சுழலி கனமானது. மிதியை அழுத்திய பிறகு அது வேகம் பிடிக்க நேரம் எடுக்கும், அதுவரை எஞ்சின் சோம்பிக் கிடக்கும். அதே காற்றை நான்கு சிறிய சுழலிகளுக்குப் பங்கிட்டால் அவை சட்டென்று சுற்றத் தொடங்கிவிடும். குழாய்களின் எண்ணிக்கை கூடும், சூடு கூடும், பழுது பார்ப்பவரின் சாபமும் கூடும்.

இப்போது வெய்ரானின் மூடியைத் திறங்கள். 8 லிட்டர், 16 சிலிண்டர், நான்கு டர்போ, நான்கு சக்கர உந்துவிசை, கார்பன் சட்டகம். சிலிண்டரும் கொள்ளளவும்தான் பெருத்திருக்கின்றன, சமையல் குறிப்பு காம்போகல்லியானோவில் எழுதியதுதான். ஃபோக்ஸ்வேகன் 1998-இல் வாங்கியது வெறும் பெயரை என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரும்புத்தூசி

இந்த ஒப்பீடு எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சமையல் குறிப்பு ஒன்றாக இருந்தால் சமைத்தவர் ஒருவராகிவிட மாட்டார். வெய்ரானுக்கு விதை போட்டவர் ஃபோக்ஸ்வேகனின் அப்போதைய தலைவர் ஃபெர்டினாண்ட் பியெஹ். 1997-இல் ஜப்பானின் ஷிங்கான்சென் ரயிலில் போகும்போது ஓர் உறையின் பின்புறத்தில் 18 சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வரைந்தார் என்று புகாட்டி நிறுவனமே பெருமையாகச் சொல்கிறது. அப்போது அவர் கையில் புகாட்டி என்ற பெயரே இல்லை. எஞ்சின் முதலில் வந்தது, அதற்குப் பொருத்தமான பெயரை அதற்குப் பிறகு தேடினார்கள். 18 பிறகு 16 ஆனது.

அந்த 16 சிலிண்டர் எஞ்சினைக் கோத்ததும் மோல்சைமில் இல்லை, ஜெர்மனியின் சால்ஸ்கிட்டரில்.

மஞ்சள்விளக்கு

நான் பொறியாளன் இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் முல்லூஸ் கார் அருங்காட்சியகத்தில் ஒரு முழு நாளைக் கழித்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அது ஒரு பழைய நூற்பாலை. ஷ்லும்ஃப் சகோதரர்கள் என்ற துணி ஆலை முதலாளிகள் ஊருக்குத் தெரியாமல் கார்களை வாங்கிக் குவித்த இடம். அவற்றில் புகாட்டிகள் மட்டுமே நூற்றுக்கும் மேல். 1977-இல் வேலை இழந்த தொழிலாளர்கள் கதவைத் திறந்து உள்ளே போனபோதுதான் தங்கள் உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். கூடத்தில் பாரிஸின் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்து விளக்குத் தூண்களைப் போலவே செய்து வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் கார்களைப் பார்த்தால் ராத்திரி ஊர்வலம் போகக் காத்திருப்பது போலத் தெரியும். என் புனைபெயர் அங்கே பிறந்ததுதான்.

எல்லோரும் ராயல் காரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 12.7 லிட்டர் எஞ்சின், ரேடியேட்டர் மூடியின் மேல் பின்னங்கால்களில் நிற்கும் யானை. அந்த யானை எட்டோரேயின் தம்பி, சிற்பி ரெம்பிராண்டின் கைவண்ணத்திலிருந்து வந்தது. நானும் படம் எடுத்துக்கொண்டேன், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் என்னை உட்கார வைத்தது ஒரு டைப் 35-இன் முன் அச்சு. தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன், காவலர் ஒருவர் சந்தேகத்தோடு இரண்டு முறை கடந்து போனார். மற்ற கார்களில் ஸ்பிரிங் பட்டைகள் அச்சின் மேலேயோ கீழேயோ கட்டப்பட்டிருக்கும். இதில் அச்சிலேயே ஒரு சதுரக் கண் திறந்திருக்கிறது, பட்டைகள் அதன் வழியாக ஊசியில் நூல் கோத்ததுபோல் நுழைந்து வெளியே வருகின்றன. அச்சு உள்ளே குழலாக இருக்கும், அதனால் எடையும் குறைவு. மெருகு வெள்ளிக் கொலுசு போல. யாரும் குனிந்து பார்க்காத இடம் அது. அங்கே எதற்கு இத்தனை அழகு என்று யோசித்துக்கொண்டே எழுந்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது.

இரும்புத்தூசி

இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்! அந்த அச்சைச் செய்தவர்கள் போய்விட்டார்கள்.

பழஞ்சக்கரம்

எட்டோரேயைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம் நண்பரே. ராயல் காரை மன்னர்களுக்கென்று செய்தார், ஒரு மன்னரும் வாங்கவில்லை. மொத்தம் ஆறு செய்து மூன்றே மூன்று விலைபோயின. மிஞ்சிய எஞ்சின்களை என்ன செய்வது என்று தெரியாமல் ரயில் பெட்டிகளில் பொருத்தினார், 1930-களில் பிரெஞ்சுத் தண்டவாளங்களில் அவை ஓடின. மோல்சைம் பட்டறைக்கு அந்த ரயில்கள்தான் சோறு போட்டன. 1936-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மனம் நொந்து பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். கடைசி ஆண்டுகளில் மோல்சைமின் கார்களை உருவாக்கியது பெரும்பாலும் ழான்தான். ஆக, 'அந்த ஒரே மனிதரின் கை' என்பது அவர் உயிரோடு இருந்தபோதே இரண்டு கைகளாகிவிட்டது.

அரசர்களுக்குக் கார் செய்து ரயிலில் போய் முடிந்த கணக்கும், ஒரே நேரத்தில் புகாட்டியையும் லோட்டஸ் என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தையும் சுமக்கப் பார்த்து 1995-இல் திவாலான அர்த்தியோலியின் கணக்கும் எனக்கு ஒரே கையெழுத்தில் எழுதியதாகத் தெரிகின்றன. சொத்துக்கு வாரிசு யார் என்பதில் சண்டை போடலாம், இந்தக் கிறுக்குக்கு வாரிசு யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புதுமுகம்

திவாலானது ஏன்? கார் மோசமா?

நெம்புகோல்

கார் மோசமில்லை. மைக்கேல் ஷூமாக்கர் 1994-இல் மஞ்சள் நிறத்தில் ஒன்று வாங்கினார், அவருக்கு வேறு கார் கிடைக்காமல் இல்லை. காலம்தான் மோசம். 1980-களின் இறுதியில் இப்படிப்பட்ட கார்களுக்கு விலை தாறுமாறாக ஏறியது. இந்தக் கார் வெளிவந்த நேரத்தில் பொருளாதாரம் சரிந்து வாங்குகிறவர்கள் காணாமல் போனார்கள். அந்த நிலையில் 1993-இல் அர்த்தியோலி லோட்டஸையும் வாங்கினார், இ.பி.112 என்று நான்கு கதவுக் காரையும் காட்டினார். தனக்கு எதிராகச் சதி நடந்தது என்று அவரே பிற்பாடு சொன்னார், அதற்குள் நான் போக விரும்பவில்லை. ஏறத்தாழ 140 கார்களோடு எல்லாம் நின்றது.

லோட்டஸ் எலீஸ் என்ற பெயர் அவருடைய பேத்தி எலிசாவின் பெயர். அந்த மனிதர் விட்டுப்போன பெயர் இன்னும் சாலையில் ஓடுகிறது.

தேன்கூடு

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எஞ்சினைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, வடிவமைப்பு என் தொழில். ஒன்று சொல்ல வேண்டும்.

டைப் 57 அட்லாண்டிக்கின் முதுகில் முன்னிருந்து பின்வரை ஒரு மடிப்பு ஓடுமே, ரிவெட் அடித்த மடிப்பு. அது எப்படி வந்தது? 1935-இல் காட்டிய ஏரோலித் என்ற முன்மாதிரியின் உடல் எலெக்ட்ரான் என்ற மெக்னீசியக் கலவையால் ஆனது. அதைப் பற்றவைக்கப் போனால் தீப்பிடிக்கும் அபாயம். அதனால் தகடுகளின் விளிம்பை மடித்து வெளியே நிறுத்தி ரிவெட் அடித்தார்கள். தேவை கருதிச் செய்த வேலை.

அதன் பிறகு அட்லாண்டிக்கை அலுமினியத்தில் செய்தார்கள். அலுமினியத்தைப் பற்றவைக்கலாம், ரிவெட் மடிப்புக்கு வேலையே இல்லை. ஆனாலும் ழான் அதை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அட்லாண்டிக்கை இன்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நான்கே நான்கு செய்தார்கள். அதில் ழானின் சொந்தக் கறுப்புக் கார் போர்க்காலத்தில் காணாமல் போய் இன்றுவரை கிடைக்கவில்லை.

இரும்புத்தூசி அவர்களே, பழைய அடையாளத்தைத் தேவையில்லாத இடத்திலும் சுமப்பதை நீங்கள் பெயர்ப்பலகை வியாபாரம் என்கிறீர்கள். அதை முதலில் தொடங்கியது உண்மையான மோல்சைமில், உண்மையான புகாட்டி குடும்பத்தில். வெய்ரானின் நடுக்கோடும் அதற்கு அடுத்து வந்த ஷிரோனின் நடுக்கோடும் அதன் பேரப்பிள்ளைகள்.

இரும்புத்தூசி

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நாளை யோசித்துவிட்டு வருகிறேன்.

நெம்புகோல்

அவர் யோசிக்கிற இடைவெளியில் ஒரு சின்னக் கணக்கு. பியெஹ் 'பெயரைத் தேடினார்' என்ற குற்றச்சாட்டு இருக்கிறதே, அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

காற்றை எதிர்த்துப் போகத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 2005 வெய்ரான் 1001 குதிரைத்திறனில் 407 கி.மீ. வேகம் தொட்டது. 2010-இல் சூப்பர் ஸ்போர்ட் 431. 431-ஐ 407-ஆல் வகுத்து மும்மடியாக்கினால் ஏறத்தாழ 1.19. அதாவது 1190 குதிரைத்திறன் வேண்டும். காரில் இருந்தது 1200. வெறும் 24 கி.மீ. கூட்டுவதற்கு இருநூறு குதிரைகள்! காகிதத்தில் போட்ட கணக்கும் எரா-லெஸ்ஸியன் சோதனைத் தடத்தில் ஓடிய காரும் கிட்டத்தட்ட ஒட்டி நிற்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

2019-இல் ஓட்டுநர் ஆண்டி வாலஸ் ஷிரோனில் 490 தொட்டார். அதே கணக்குப்படி 1750 வேண்டும், இருந்ததோ 1600. மீதியை வாலை நீட்டியும் உயரத்தைத் தாழ்த்தியும் காற்றை ஏமாற்றிச் சம்பாதித்தார்கள். ஒரே திசையில் ஓடியது என்பதால் சாதனைப் புத்தகக்காரர்கள் முகம் சுளித்தார்கள், அது வேறு கதை.

வெப்பம் இன்னொரு தலைவலி. பெட்ரோல் எஞ்சின் எரிபொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆயிரம் குதிரைகள் சக்கரத்துக்குப் போனால் இன்னும் இரண்டாயிரம் குதிரைகளுக்குச் சமமான சூடு எங்கேயாவது வெளியேற வேண்டும். வெய்ரானில் பத்து ரேடியேட்டர்கள் இருப்பது ஆடம்பரத்துக்கு இல்லை. முழு வேகத்தில் ஓட்டினால் 100 லிட்டர் பெட்ரோல் பன்னிரண்டு நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

பழஞ்சக்கரம்

இழையின் தலைப்புக்குத் திரும்பினால், 2019-இல் புகாட்டியே தீர்ப்பு எழுதிவிட்டது. சென்தோதியெச்சி என்று ஒரு கார். இத்தாலிய மொழியில் நூற்றிப்பத்து. இ.பி.110 எஸ்.எஸ்.-இன் பக்கவாட்டில் இருந்த ஐந்து வட்டக் காற்றுத்துளைகளை அப்படியே கொண்டுவந்தார்கள். பத்தே கார்கள், ஒன்று 80 லட்சம் யூரோ. கத்தரித்து எறிந்த புகைப்படத் துண்டை இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துப் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள்.

விலையைப் பார்த்தால் பசை கொஞ்சம் அதிகம்தான்.

இரும்புத்தூசி

யோசித்தேன். 'பெயர்ப்பலகை வியாபாரம்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அட்லாண்டிக் மடிப்பு என் வாயை அடைத்துவிட்டது. இ.பி.110-ஐயும் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் வெய்ரானிடமும் ஷிரோனிடமும் எனக்கு ஒரு மனக்குறை மிச்சம். மஞ்சள்விளக்கு குனிந்து பார்த்தாரே, அப்படிப் பார்க்க அவற்றில் என்ன இருக்கிறது? எல்லாம் உறைக்குள், கணினிக்குள். டைப் 35-ஐ ஒரு பெட்டி ஸ்பேனரோடு புரிந்துகொள்ளலாம்.

தேன்கூடு

அப்படியானால் புகாட்டியின் டூர்பியோன் காரின் மீட்டர்களைப் பாருங்கள். 2024 ஜூனில் காட்டினார்கள். நிறுவனம் இப்போது ரிமாக் என்ற மின்கார் நிறுவனத்தோடு சேர்ந்தது, 2021 முதல். எஞ்சின் காஸ்வொர்த் என்ற எஞ்சின் நிறுவனத்தின் கைவண்ணம்: 8.3 லிட்டர், 16 சிலிண்டர், டர்போவே கிடையாது. எஞ்சினிலிருந்து 1000, மின்மோட்டார்களிலிருந்து 800 குதிரைத்திறன். 250 கார்கள்தான். கோர்ப்பது இன்னும் மோல்சைமில்தான்.

பெயரே கைக்கடிகாரத்தின் ஓர் உறுப்பின் பெயர். மீட்டர் தொகுதியை ஸ்விட்சர்லாந்துக் கடிகாரக் கைவினைஞர்கள் செய்கிறார்கள்: 600-க்கு மேல் உறுப்புகள், டைட்டானியம், நீலக்கல், மாணிக்கம். எடை வெறும் 700 கிராம். முகப்பு மூடப்படவில்லை, பல்சக்கரங்கள் வெளியே தெரிகின்றன. ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி அசையாமல் நிற்க, விளிம்பு மட்டும் அதைச் சுற்றித் திரும்புகிறது. அதனால் எந்தத் திருப்பத்திலும் முள் மறைவதில்லை. பெரிய திரை வைத்தால் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும் என்பதற்காகவே இப்படி.

இரும்புத்தூசி

படங்களை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். சரி, இதற்குக் குனியலாம்.

அந்த 800 குதிரைகளுக்கான பேட்டரியை அறுபது ஆண்டுகள் கழித்து யார் பழுது பார்ப்பார்கள் என்பதையும் யாராவது சொன்னால் நிம்மதியாகத் தூங்குவேன்.

நெம்புகோல்

பேட்டரிக்கு நான் பொறுப்பில்லை. அது செத்துப்போயிருக்கும், வேறு ஏதாவது செய்து பொருத்துவார்கள். மீட்டருக்கு ஒரு கடிகாரக்காரரும் அவருடைய உருப்பெருக்கியும் போதும்.

மஞ்சள்விளக்கு

அடுத்த கோடையில் மறுபடி முல்லூஸ் போகிறேன். காம்போகல்லியானோவுக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன், அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தை வெளியிலிருந்தாவது பார்க்க வேண்டும். இந்த முறை முழங்காலுக்கு ஒரு சிறிய தலையணை எடுத்துப் போவதாக உத்தேசம். அந்த டைப் 35 அச்சை யாருக்காவது எந்தக் கோணத்தில் படம் எடுத்துத் தர வேண்டும் என்றால் இங்கேயே எழுதிவையுங்கள்.